பேர் வெட்டிய பாத்திரம்

லாமியாவின் புறங்கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டலப்பத்தின் ஓரத்தில் உதிர்ந்து கிடந்த துணுக்கைத்தான் அவள் எடுக்கப் போனாள்.

"தொடாதடி! லாத்தா மாமியார் வீட்டுக்குப் போறது அது."

"ஒரே ஒரு துண்டு உம்மா..."

"ஒரு துண்டு கொறஞ்சாலும் லாத்தாவைத்தான் பேசுவாங்க. அங்கன போய் உக்காரு."

ஏழு வயதுப் பிள்ளைக்கு நோன்பு கிடையாது. பசி மட்டும் உண்டு. லாமியா அடுப்படி மூலையில் போய் உட்கார்ந்தாள். சைனம்பு மகளின் முகத்தைப் பார்க்காமலே வட்டலப்பத்தைப் பாத்திரத்தில் அடுக்கி மூடினாள்.

லாமியாவின் லாத்தா, அதாவது அக்கா காலிதாவுக்குக் கல்யாணமாகியிருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள் நோன்பு மாதத்தில் சம்பந்தி வீட்டுக்குப் பலகாரத் தட்டு அனுப்ப வேண்டும் என்பது அந்தத் தெருவின் சட்டம். மார்க்கத்தில் அப்படி ஒரு கடமையே இல்லை என்று பள்ளிவாசலில் ஹஜ்ரத் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வீட்டுக்கு வந்ததும், "தட்டு வந்துருச்சா?" என்று கேட்பார்கள்.

சைனம்புவின் கணவர் மதாருக்கு ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. வீட்டில் அந்த ஒரு சம்பளம்தான். புதுமடம் கரையில் மீன் ஏலம் முடிந்து, விலை படுத்த பிறகுதான் சைனம்பு சாளை வாங்கப் போவாள். லாமியாவின் பள்ளிக்கூடப் பாவாடையின் மடிப்பு வருடா வருடம் பிரிந்து இறங்கும். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சிதான் அவர்களுக்கு இரவுச் சாப்பாடு. வீட்டுக் கோழி இட்ட முட்டையை லாமியாவுக்கு அவித்துக் கொடுக்காமல் சேர்த்துவைத்துத்தான் இந்த வட்டலப்பமே வெந்தது. அவள் சிக்கனத்தைத் தெருவே மெச்சும். சொந்தப் பிள்ளை வயிற்றிலிருந்து மிச்சம் பிடிப்பதற்கும் சிக்கனம் என்றுதான் பெயர் என்றால், மெச்சிவிட்டுப் போகட்டும்.

அடுத்த தெருவில்தான் சம்பந்தி வீடு. மதார் தட்டை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தார். மருமகன் காஜா நவாஸ் துபாயில் இருந்தார். அதனால் என்ன, தட்டு அவர் வீட்டுக்குப் போயாக வேண்டும்.

மாலை அஸர் தொழுகை முடிந்து, கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு போன லாமியா ஓட்டமாகத் திரும்பி வந்தாள். இன்னொரு கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"உம்மா! பள்ளியில வட்டலப்பம் குடுத்தாங்க!"

சைனம்பு பொட்டலத்தைப் பிரித்தாள். தன் கையால் வெட்டிய துண்டு அவளுக்குத் தெரியாதா?

"யாரு குடுத்தா?"

"மோதினார் பாக்கர் அப்பா. ராபியாம்மா வீட்டு சதக்கா, எல்லாரும் அவங்களுக்கு துவாச் செய்யுங்கன்னு சொன்னாக. பாத்திரத்துல வாப்பா பேரு வெட்டிருக்கு உம்மா. எங்க வாப்பா பாத்திரம்னு நான் சத்தமா வாசிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க."

ராபியா காலிதாவின் மாமியார். பொல்லாத பெண்மணி ஒன்றும் இல்லை. மூன்று மருமகள் வீட்டுத் தட்டும் ஒரே நாளில் வந்தால் எந்த வீட்டில்தான் தின்று தீர்ப்பார்கள்? வந்த சூட்டோடு, பாத்திரத்தைக்கூட மாற்றாமல் பள்ளிவாசலுக்கு அனுப்பிவிட்டார். சதக்கா என்று தானம் கொடுத்த நன்மை அவர் கணக்கில் சேர்ந்தது. வாங்கித் தின்ற ஏழை, அதைச் செய்தவளின் பிள்ளை.

லாமியா வாயைச் சுற்றி ஒட்டியிருந்ததை நக்கிக்கொண்டே, "நல்லா இருக்கு உம்மா, உங்களுக்கும் வேணுமா?" என்றாள். சைனம்புவுக்குக் கூனிக்குறுகிப் போயிற்று. ஊர் சிரித்தது பெரிதாகத் தெரியவில்லை. அந்தச் சின்னக் கையில் மதியம் அடித்தோமே என்பதுதான் முள்ளாகக் குத்தியது. தன் வீட்டில் அடித்து விரட்டிய பிள்ளைக்குப் பள்ளிவாசலில் பிச்சையாகக் கிடைத்திருக்கிறது. பாங்கு சொல்லியும் அவளுக்குக் கஞ்சி இறங்கவில்லை.

இருபத்தேழாம் நோன்பு நெருங்கியபோது ராபியா போன் செய்தார். "சம்மந்தி, பெரிய நோன்புல்ல? தட்டு கொஞ்சம் நெறைவா வரட்டும். நாலு பேரு பாப்பாங்க."

இருபத்தேழாம் நோன்பன்று சைனம்புவின் அடுப்பில் வட்டலப்பம் மட்டும் வெந்தது. மதார் வண்டியைத் துடைத்துவிட்டு வந்து நின்றார்.

"தட்டைக் காணோமே?"

"இல்லைங்க. இந்தத் தடவை அனுப்பலை."

"காலிதாவைப் பேசுவாங்களே, சைனம்பு..."

"அந்தப் பயத்துலதானே சின்னவளை அடிச்சேன்." போனை எடுத்து அவளே ராபியாவைக் கூப்பிட்டாள். "சம்மந்தி, தப்பா நெனைக்காதீக. எப்படியும் அது பள்ளிக்குத்தான் போவுது. நடுவுல உங்களுக்கு எதுக்குச் சிரமம்? குடுக்கத் தெம்பு வாரப்ப நாங்களே நேராக் குடுத்துக்கிடுதோம்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

நோன்பு திறக்கிற நேரம். சைனம்பு பாயை விரித்து வட்டலப்பத்தை நடுவில் வைத்தாள். லாமியா கையை மடியில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது யாரு வீட்டுக்குப் போறது உம்மா?"

சைனம்பு அந்தக் கையை இழுத்து முத்தமிட்டாள். "நம்ம வீட்டுக்குத்தான்டி. எடு."

போன் அடித்தது. காலிதா. அழுகையோ சண்டையோ எதுவானாலும் கேட்பது என்று சைனம்பு எடுத்தாள். காலிதா மெல்லிய குரலில் பேசினாள்.

"உம்மா, மாமி ரொம்பக் கோவமா இருக்காக."

"உன்னை ஏதாச்சும் பேசுனாகளா?"

"அது கெடக்கட்டும். வட்டலப்பம் இருக்கா?"

"இருக்கும்மா."

"எனக்கு ஒரு துண்டு எடுத்து வைங்க. நாளைக்கு வாரேன். அன்னைக்கு அத்தனை அனுப்புனீங்களே, என் கண்ணுல கூடக் காட்டலை."

பள்ளிவாசலிலிருந்து திரும்பி வந்திருந்த அந்தப் பேர் வெட்டிய பாத்திரத்தைச் சைனம்பு எடுத்துவந்தாள். இருப்பதிலேயே பெரிய துண்டை லாமியா அதில் வைத்து மூடினாள்.