அட்டைப்படத்தில் ஹாலிஸின் கண்கள்

அந்த வாரப் பத்திரிகை வந்த அன்று தபால் நிலையத்தில் ஆறு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் பேச்சு நின்றுவிட்டது.

"இந்தா எட்னா," என்று போஸ்ட்மாஸ்டர் கோரா ஜன்னல் வழியாகப் பத்திரிகையை நீட்டினாள். "அட்டையில உன் ஆளு. கண்ணு ரெண்டும் என்னமா பேசுது, பாரேன்!"

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலிருந்த எங்கள் ஊருக்கு அட்டைப்படம் புதிதல்ல. குன்றின் மேல் குடியிருந்த ஓவியர் ஆல்டன் ப்ரௌட்டி பத்து வருஷமாக எங்களைத்தான் போட்டோ எடுத்து, அதைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். முடிவெட்டுபவர், பாதிரியார், பல் விழுந்த பிள்ளைகள், எங்கள் நாய் எல்லாரையும் நாடே பார்த்தாயிற்று. இந்தத் தடவை சர்ச் விருந்து. நீள மேஜையில் என் கணவன் ஹாலிஸ் பீன்ஸ் சட்டியை எதிரே இருப்பவளிடம் நீட்டுகிறான். அவள் வெர்னா டைலர். மூன்றாம் வகுப்பு டீச்சர், கல்யாணமாகாதவள். ஹாலிஸின் பார்வை சட்டியில் இல்லை, அவள் முகத்தில் இருந்தது. என்னை அவன் அப்படிப் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது.

சாப்பிடும்போது கேட்டேன். "ப்ரௌட்டி வீட்டுக்கு எத்தனை தடவை போனே?"

"ஒரே தடவை. போட்டோ எடுத்தாரு, வந்துட்டேன்."

"அவளும் இருந்தாளா?"

"எவ?"

அந்த 'எவ' கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டதாக எனக்குப் பட்டது.

மறுநாள் கோரா விடவில்லை. "உங்க ட்ரக்கு மூணு செவ்வாய்க்கிழமை குன்று மேல ஏறுச்சே எட்னா. என் ஜன்னல்லேருந்து எல்லாமே தெரியும்."

ஒன்று என்றவனுக்கு மூன்று எப்படி வந்தது? அதன்பின் அவன் கோட்டுப் பைகளைத் துழாவினேன். சட்டைக் காலரை முகர்ந்தேன். மரத்தூள் வாசனைதான் வந்தது. வாயை மூடிக்கொண்டு பாட்டு முனகினால் எதற்கு இந்தச் சந்தோஷம் என்று யோசித்தேன். முனகாமல் இருந்தால், யாரை நினைத்து இந்த மௌனம் என்று யோசித்தேன். இப்படியே ஆறு வாரம் போயிற்று.

ஊரும் சும்மா இருக்கவில்லை. சர்ச்சில் வெர்னா உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. இரண்டு தாய்மார் பிள்ளைகளை அவள் வகுப்பிலிருந்து மாற்றச் சொன்னார்கள். அவளை வேலையில் வைத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்யப் பள்ளிக் குழு கூடப்போவதாகச் செய்தி வந்தது. அன்றுதான் குன்றேறி ப்ரௌட்டியின் கதவைத் தட்டினேன்.

அவர் மறுபேச்சில்லாமல் ஒரு பெட்டியைத் திறந்து இரண்டு புகைப்படங்களை எடுத்து வைத்தார். ஒன்றில் வெர்னா தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்புறம் ஜனவரி தேதி. இன்னொன்றில் ஹாலிஸ் காலிச் சட்டியோடு நின்றான். எதிரே நாற்காலியில் ஒரு துடைப்பம் சாத்தியிருந்தது. அது மார்ச் மாதம்.

"உங்க ஆளு பார்த்தது துடைப்பத்தை," என்றார். "அந்தப் பார்வை நான் போட்டது. படத்துல ஒரு கதை இருந்தாத்தானே பத்திரிகைக்காரங்களுக்குப் பிடிக்குது."

"மீதி ரெண்டு செவ்வாய்க்கிழமை?"

ப்ரௌட்டி தூரிகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "போட்டோ எடுத்த அன்னிக்கே, நான் பென்சில்ல போட்டு வச்சிருந்த மாதிரிப் படத்தைப் பார்த்துட்டான். 'கண்ணை மாத்துங்க சார், ஊர் பேசும்'னு ரெண்டு தடவை வந்து கெஞ்சினான். நான் மாட்டேன்னுட்டேன். படத்துலயே நல்லா வந்தது அதுதாங்க."

வீட்டுக்கு வந்து ஹாலிஸை மடக்கினேன். "இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?" என்றான்.

பள்ளிக் குழுவின் முன் இரண்டு புகைப்படங்களையும் வைத்தேன். தலைவர் வென்டல் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டோ கிடக்கட்டும் எட்னா. ப்ரௌட்டி இல்லாததையா வரைவாரு?"

"அப்ப துடைப்பத்தை வேலையைவிட்டுத் தூக்குங்க. என் புருஷன் அதைத்தான் பார்த்தான்," என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் வெர்னாவின் வேலை தப்பியது.

ஆனாலும் ஜூன் மாதம் அவளே ராஜினாமா செய்துவிட்டு ஒஹையோவில் இருந்த அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். போகுமுன் என் வாசலுக்கு வந்தாள். "எனக்காகப் பேசினீங்க, மறக்கமாட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி ஆறு வாரம் நீங்களும்தானே நம்பினீங்க?" என்றாள். உள்ளே வரச் சொல்லி அழைத்தேன். வரவில்லை.

படம் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. காலண்டரில் வந்தது, பிஸ்கட் டப்பாவில் வந்தது. வெளியூர்க்காரர்கள் கார் போட்டுக்கொண்டு வந்து, 'அந்தக் காலத்து அன்பான அமெரிக்கா இதுதானே' என்று சர்ச் கட்டடத்தைப் படம் பிடித்தார்கள். அப்படியொரு விருந்து நடக்கவே இல்லை. ஆனால் அதில் சாப்பிட்டதாகச் சத்தியம் செய்பவர்கள் வருஷா வருஷம் கூடினார்கள். பீன்ஸ் வேகவைத்தது தான்தான் என்று கோரா சொல்லிக்கொண்டாள்.

ஹாலிஸுக்கு எழுபத்தெட்டு வயதானபோது பாஸ்டனிலிருந்து ஒரு தம்பதி அவனைப் பார்க்க வந்தார்கள். "பீன்ஸ்ல அன்னிக்கு உப்பே இல்லை," என்று அவர்களிடம் சொன்னான்.

அவர்கள் போனதும் கேட்டேன். "ஹாலிஸ், அப்படியொரு விருந்தே நடக்கலையே?"

"நடக்கலையா?" நிஜமாகவே குழம்பிப்போனான்.

"சரி, நடந்ததாவே இருக்கட்டும். உனக்கு எதிர்ல யாரு உட்கார்ந்திருந்தா?"

"நீதான். வேற யாரு?" என்றான்.

அவன் முகத்தையே உற்றுப் பார்த்தேன். மறந்துபோய்ச் சொன்னானா, நன்றாக நினைவு வைத்துக்கொண்டு சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.