தினமும் என்று கேட்டதால்

பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்கிற நிலையத்தில் அவளுக்குக் கமா அக்கா என்று பெயர். வயது அறுபத்தொன்பது. கமா இருந்தால் நிற்பாள். இல்லாவிட்டால் கொலையே நடந்தாலும் நிற்கமாட்டாள். அச்சில் உள்ளதை ஓர் எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் படிப்பதில் அப்படியொரு வீம்பு. அந்த வீம்புதான் வினையாய் முடிந்தது.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் பல் டாக்டர் கேட்டாள். மகள் வயதுப் பெண்.

“தினமும் மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?”

“இல்லையே,” என்றாள் அக்கா.

பொய் இல்லை. எலும்புத் தேய்மானத்துக்காக ஏழு வருடமாய் அவள் சாப்பிட்டு வந்தது வாரத்துக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல் குனியாமல் இருக்க வேண்டும். ஜன்னலோரம் நின்று எதிர்வீட்டு மாடியில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சட்டைகள் காற்றில் நடக்கும், போர்வை மூச்சு விடும், அவளும் எங்கெங்கோ போய்விட்டு வருவாள். இவ்வளவு சுகமாய் இருந்ததை மருந்து என்று யாருக்குத்தான் நினைக்கத் தோன்றும்?

எட்டு வாரமாகியும் குழி மூடவில்லை. நாக்கு போய்த் தொட்டால் சொரசொரவென்று வெறும் எலும்பு தட்டுப்பட்டது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, இந்தமுறை கேள்வியை மாற்றிக் கேட்டாள். பதிலைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“அந்த மாத்திரை உங்க இடுப்பெலும்பைக் காப்பாத்துதும்மா. ஆனா ரொம்ப வருஷமா சாப்பிடறவங்கள்ல அபூர்வமா சிலருக்குப் பல் எடுத்த இடம் ஆறாது. நான் கேட்ட விதமும் சரியில்ல.”

“இப்ப என்ன ஆகும்?”

“வாயைச் சுத்தமா வெச்சுக்கணும். செத்துப்போன எலும்பு தானா கழண்டு வந்தா நல்லது. ரெண்டு மாசம் பார்ப்போம். வரலைன்னா சுரண்டி எடுக்கணும். அப்புறம் கொஞ்ச நாள் பேச்சு தெளிவா வராது.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிலையத்தில் வாசித்துக்கொண்டிருந்த தொள்ளாயிரம் பக்க நாவலில் இன்னும் இருநூறு பக்கம் பாக்கி. அவளால் முடியவில்லை என்றால் மிச்சத்தை வேறு குரலில் முடித்துவிடுவார்கள். எழுநூறு பக்கம் கூடவே நடந்து வந்த கதாநாயகியைக் கடைசியில் யாரோ ஒருத்தியிடம் விட்டுவிட்டு வருவதா?

“கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ற பொம்பளை உலகத்துலயே நீ ஒருத்திதான்,” என்றார் வீட்டுக்காரர். “என்கிட்ட மட்டும் கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லுவே.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, தாடை விடவில்லை. அழுதுவிட்டாள். அவர் கொப்பளிக்கும் மருந்தை அளந்து ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினார்.

எலும்பு டாக்டர் மாத்திரையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கச் சொன்னார். நாட்கள் மசமசவென்று நகர்ந்தன. கண்ணை மூடினால் தன் வாய்க்குள்ளேயே நடந்து போனாள். உள்ளே கதவில்லாத ஒரு வெள்ளை அறை. நாவலின் கதாநாயகி மிச்சப் பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தாள். “அவசரமில்ல, மெதுவா வா,” என்றாள். விழித்ததும் அக்கா கஞ்சி மாதிரி எதையாவது குடித்துவிட்டு நிலையத்துக்குக் கிளம்பிவிடுவாள். நூற்றிருபது பக்கம் பாக்கி என்றானது, பிறகு அறுபது என்றானது.

சுரண்டுவதற்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முதல் நாள் மத்தியானம், பதினோரு பக்கம் மிச்சம். ஒலிப்பதிவு அறையில் மைக் முன்னால் அவள் ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில் இருந்தபோது, வாய்க்குள் ஏதோ அசைந்தது. கழன்றது. பல்லில் பட்டு நாக்கின்மேல் விழுந்தது. அரிசி அளவுதான். அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, முற்றுப்புள்ளி வரை வாசித்துவிட்டு, உள்ளங்கையில் துப்பினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவுக்காரர் கேட்டார்: “அக்கா, நடுவுல ‘டக்’னு ஒரு சத்தம். அந்த வரியை மறுபடி எடுத்துடலாமா?”

நாக்கு பயந்து பயந்து போய்ப் பார்த்தது. குழியில் எலும்பு தட்டவில்லை, மெத்தென்று இருந்தது. அவளுக்கு எழுத்தெல்லாம் கலங்கி மிதந்தது.

“வேணாம் தம்பி, அழிச்சிடாதீங்க,” என்றாள். “அது என் எலும்பு.”