வாசனை வருகிறதா?

1

இந்தக் கதை ஒரு சிலேடையிலிருந்து பிறந்தது. அந்தச் சிலேடையை மட்டும் எழுதமாட்டேன் என்று என் நாத்தனாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் பல்கலைக்கழகத்தில் எதைப் பற்றி ஆய்வு செய்கிறாள் என்று தெரிந்ததும் அது உங்களுக்கே தட்டுப்படும். தட்டுப்பட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், என்னைக் காட்டிக்கொடுக்காதீர்கள்.

நாத்தனார் என்றதும் சண்டையை எதிர்பார்த்து வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தவர்கள் மன்னிக்கவும். எங்களுக்குள் சண்டை உண்டுதான், ஆனால் அது குளியலறைக்குள் யார் முதலில் போவது என்ற அளவில் முடிந்துவிடும். அவள் என் கணவரின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். காப்பீட்டு அலுவலகத்தில் பல வருஷம் மற்றவர்களுடைய விபத்துகளுக்கு விலை போட்டுக்கொண்டிருந்தவள், அலுத்துப்போய் வேலையை விட்டுவிட்டு 'சுற்றுச்சூழல் நீதியும் நிலைத்த வளர்ச்சியும்' என்ற முதுகலைப் படிப்பில் சேர்ந்தாள். அந்தப் பெயரில் 'நீதி'யை மட்டும் பிடித்துக்கொண்ட என் மாமியார், மகள் ஜட்ஜ் ஆகப்போகிறாள் என்று உறவு முழுக்கப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். சொத்துத் தகராறில் மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு சித்தப்பா இப்போதெல்லாம் அவளிடம் ரொம்பப் பணிவாகப் பேசுகிறார்.

2

முதல் தொடக்கம்: 'மாலைச் சூரியன் குப்பைக் கிடங்கின் மேல் தன் பொற்கதிர்களை—'

வேண்டாம். குப்பைக்குப் பொன்முலாம் பூசுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: 'அந்தத் தெரு மக்களின் கண்ணீரைத் துடைக்க அவள் கிளம்பியபோது—'

இதை நாத்தனார் படித்துவிட்டாள். என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி ஓரத்தில் எழுதினாள். (இனி சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவள் எழுத்து.)

[அந்தத் தெருவில் யாரும் அழவில்லை. எல்லாரும் கடுப்பில் இருந்தார்கள். ஒரு வீட்டில் என்னைச் சீட்டாடக் கூப்பிட்டார்கள். கண்ணீரை எடுத்துவிடுங்கள், அண்ணி.]

எடுத்துவிட்டேன். மூன்றாம் தொடக்கம் இதுதான்: நகரத்துக் குப்பை முழுவதையும் கொட்டித் தரம் பிரிக்கிற கிடங்கு ஒன்று இருக்கிறது. அதன் மதிலை ஒட்டி ஒரு தெரு. என் வீட்டு வெங்காயத்தோல், நான் கிழித்துப்போட்ட முதல் இரண்டு தொடக்கங்கள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. குப்பை போடுவது ஊர் முழுக்க, மூக்கைப் பொத்திக்கொள்வது மட்டும் ஒரே தெரு. இது என்ன நியாயம் என்பதுதான் அவள் படிப்பு.

"இதைக் கேக்கறதுக்கு ரெண்டு வருஷமா?" என்றார் என் கணவர்.

"கேக்க ஒரு நிமிஷம் போதும்ணா. நிரூபிக்கத்தான் ரெண்டு வருஷம்."

நகராட்சி அந்தக் கிடங்கை இரண்டு மடங்காகப் பெருக்க நினைத்தது. தெருக்காரர்களுக்குத் தொந்தரவு இருக்கிறதா என்று கண்டுபிடித்துச் சொல்லும்படி பல்கலைக்கழகத்தைக் கேட்டது. அந்த வேலை நாத்தனார் தலையில் வந்து விழுந்தது. பட்டத்துக்கான ஆய்வாகவும் அதுவே இருக்கட்டும் என்றார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குக் குளியலறையை எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

3

மனிதர்களிடம் கேள்வி கேட்கப்போகிற மாணவர்கள் முதலில் ஒரு குழுவிடம் அந்தக் கேள்விகளைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். குழுத் தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் நடுநிலையார். நாத்தனாரின் முதல் கேள்வி, 'உங்கள் வீட்டுக்குள் நாற்றம் அடிக்கிறதா?'

"நாத்தம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களேம்மா," என்றாராம் நடுநிலையார். "அப்புறம் எதுக்கு ஆய்வு?"

"குப்பைக் கிடங்கு சார்."

"இருக்கட்டும். நடுநிலையான சொல்லாப் போடுங்க."

குழு உட்கார்ந்து சொல் தேடியது. 'வாடை' என்றால் குளிர்காற்று என்று நினைத்துவிடுவார்கள் என்றார் ஒருவர். 'வீச்சம்' நாற்றத்தையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்றார் இன்னொருவர். கடைசியில் எல்லாருக்கும் பிடித்தது 'வாசனை'. யார் மனதையும் புண்படுத்தாத சொல். ஒப்புதல் முத்திரை விழுந்தது.*

* பழந்தமிழில் 'நாற்றம்' நறுமணத்துக்கும் பெயர். பூக்கள் நாறின என்று கவிஞர்கள் பூரித்துப்போய் எழுதினார்கள். அப்போது அது சுத்தமான நடுநிலைச் சொல். நம் குழுதான் கூடுவதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்திவிட்டது.

4

இந்தப் பகுதியில் முதலில் ஒரு பொய் எழுதியிருந்தேன். குழு தேர்ந்தெடுத்தது 'மணம்' என்றும், "உங்க வீட்ல மணம் உண்டா?" என்று கேட்டதும் ஒரு அம்மா, "பையனுக்கு இன்னும் பொண்ணு அமையலைம்மா" என்று அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார் என்றும்.

[சுத்தப் பொய். 'வாசனை' என்றுதான் கேட்டேன். நடந்ததே போதுமான அளவுக்குச் சிரிப்பாக இருக்கிறது.]

நடந்தது இது. நாத்தனார் வீடு வீடாகப் போனாள். "உங்க வீட்டுக்குள்ள வாசனை வருதா?" தெருமுனையில் இருந்த தையல்காரம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாசனையா? இங்கயா? வரலைம்மா."

அடுத்த வீட்டிலும் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர், "வாசனைக்கெல்லாம் நாங்க எங்கம்மா போறது" என்றார். அதையும் 'இல்லை' என்றுதான் குறித்துக்கொள்ள முடிந்தது. தெரு முழுவதும் ஒரே குரலில் இல்லை என்றது.

அவளுக்கோ அங்கே மூச்சு முட்டிற்று. இவர்களுக்கு மட்டும் ஏன் எதுவும் தெரியவில்லை? படித்தவள் அல்லவா, காரணம் கண்டுபிடித்துவிட்டாள். நெடுநாள் பழக்கத்தால் தெருவாசிகள் முகரும் உணர்வை இழந்துவிட்டார்கள் என்று அடிக்குறிப்புகளோடு ஒரு முழு அத்தியாயம் எழுதினாள். நான் பிழை திருத்திக் கொடுத்தேன். பிழை இருந்த இடத்தில் என் கண் படவே இல்லை. நகராட்சி ஆபீசிலிருந்து அவளைக் கூப்பிட்டு, ரொம்பத் தெளிவான முடிவு மேடம் என்று வாயாரப் பாராட்டினார்கள்.

5

ஒரு மாலை அந்தத் தெருவிலிருந்து வந்தவள் அப்படியே சோபாவில் விழுந்தாள். என் கணவர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அண்ணா, என் மேல வாசனை வருதா?"

"வாசனையா?" அவர் சோபாவின் மறு கோடிக்கு நகர்ந்தார். "நாத்தம்தான் குடலைப் புடுங்குது. முதல்ல போய்க் குளி."

சிரித்தது நான் மட்டும்தான். நாத்தனார் கையை முகத்தருகே வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி," என்றாள் மெதுவாக. "அவங்க யாரும் மூக்கைத் தொலைக்கலை. நான் கேட்டதுக்குத்தான் பதில் சொல்லியிருக்காங்க."

6

இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லன் தேவை என்று எனக்குத் தோன்றியது. நடுநிலையாருக்குத் தடித்த மூக்குக்கண்ணாடி மாட்டி, நகராட்சிக்காரர்களோடு ஒரு ரகசியச் சாப்பாடும் ஏற்பாடு செய்து—

[அவர் அப்படிப்பட்டவர் இல்லை. கேள்வியிலேயே பதிலை ஒளித்துவைத்தால் நகராட்சி அதைச் சாக்காக வைத்து ஆய்வையே தூக்கிப்போட்டுவிடும் என்று பயப்படுகிறார். அந்தப் பயம் நியாயமானது. சாப்பாட்டை ரத்து செய்யுங்கள்.]

ரத்து. வில்லன் இல்லாத கதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. நல்லவர்கள் நாலு பேர் சேர்ந்து, நல்ல எண்ணத்தோடு, ஒரு தெருவின் வாயை அடைத்துவிட்டார்கள். யார் மேல் கோபப்படுவது?

அவளுக்கு முன்னால் இரண்டு வழி. ஒன்று, கொடுத்த ஆய்வை அப்படியே விட்டுவிட்டுப் பட்டம் வாங்கிக்கொள்வது. அந்த ஆய்வைக் காட்டி நகராட்சி கிடங்கைப் பெருக்கும். இன்னொன்று, ஆய்வைத் திரும்ப எடுத்துக்கொண்டு, சொல்லை மாற்றி, குழுவிடம் மறுபடி போய் நிற்பது. ஒப்புதல் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இந்த வருஷம் பட்டம் கையை விட்டுப் போகும்.

"எனக்குப் பட்டம் வேணும் அண்ணி," என்றாள், பாத்திரம் துடைத்துக்கொண்டே. "வேலையை விட்டுட்டு வந்தவ நான். ரொம்ப வேணும்."

நான் என்ன சொன்னேன் என்று எழுதி என்னைப் பெரிய மனுஷியாக்கிக்கொள்ள ஆசைதான். உண்மையில், "யோசிச்சு செய்ம்மா" என்பதற்கு மேல் வாயில் வரவில்லை. மறுநாள் அவள் போய் ஆய்வைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பட்டம் போகிறதே என்றிருந்தது எனக்கு. கூடவே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. கட்டிக்கொண்டேன்.

7

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

முடிவு அ: நாத்தனார் நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து முழங்குகிறாள், மேஜைகள் அதிர்கின்றன, கிடங்கு இடம் மாறுகிறது. (எங்கே மாறுகிறது? இன்னொரு தெருவுக்குத்தானே. அவள் படிப்பில் முதல் பாடமே இதுதான். தூக்கிப் போட்டுவிட்டேன்.)

முடிவு ஆ: குழு மறுக்கிறது. அவள் காப்பீட்டு அலுவலகத்துக்கே திரும்பி— (முடியாது. அவ்வளவு சோகம் எனக்குத் தாங்காது.)

முடிவு இ, இதுவரை நடந்தது. நாத்தனார் குழுவுக்கு எழுதினாள்: நடுநிலையான சொல்லைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தை இந்த முறை அந்தத் தெருவிலேயே வைத்துக்கொள்ளலாமா? சொல்லுக்குரிய பொருள் அங்கே தாராளமாகக் கிடைக்கிறது. யாரும் எதிர்பார்க்கவில்லை, நடுநிலையார் சரி என்றுவிட்டார். அன்றைக்கே சொல் முடிவானால், கிடங்கு பற்றி முடிவெடுக்க நகராட்சி கூடுவதற்குள் தெருவை மறுபடி கேட்டுவிடலாம். இல்லையென்றால் கிடங்கு பெருகும்.

தையல்காரம்மா தன் முன்னறையைக் கொடுத்தார். வெட்டிய துணித் துண்டுகளை ஒதுக்கி நாற்காலி போட்டார். மதிலைப் பார்த்த ஜன்னலை விரியத் திறந்துவைத்தார். நல்ல வெயில். லாரி ஒன்று வந்து மதிலுக்கு அந்தப் பக்கம் சரக்கைக் கொட்டியது. குழு வந்து உட்கார்ந்தது. நடுநிலையார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "பொருத்தமான சொல்லைப் பத்தி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"என்ன சார் ஆச்சு?" என்றார் தையல்காரம்மா, முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல்.

நடுநிலையார் வாயைத் திறந்தார்.

நாத்தனார் என்னிடம் இதுவரைதான் சொன்னாள். மீதியைச் சொல்லு, எழுத வேண்டாமா என்று கெஞ்சினேன்.

"நீங்க எழுதாதீங்க அண்ணி. நீங்க எழுதினா அது கதைன்னு சொல்லிடுவாங்க. படிக்கறவங்களே சொல்லட்டும்."

ஆகவே அவர் பேசிய வாக்கியத்தை அவள் அனுமதித்த மட்டும் தருகிறேன்:

"ஏம்மா, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்களேன். ஒரே ____________."

கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டியது நீங்கள். அவசரமில்லை, யோசித்துச் செய்யுங்கள். 'வாசனை' என்று நிரப்புகிறவர்கள் ஒரு வாரம் வந்து தங்கிவிட்டுப் போகலாம் என்று தையல்காரம்மா சொல்லியனுப்பியிருக்கிறார். ஜன்னலோரக் கட்டில் காலியாகத்தான் இருக்கிறதாம்.