சட்டையில் ஏறிய சிவப்பு

கணவனின் தோளில் கிடந்த தன் கையை வெட்டிக்கொண்டிருந்தாள் சௌமியா.

லேப்டாப் திரையில் அது பெரிய வேலையில்லை. விரலோரமாகவே மவுஸை நகர்த்திக்கொண்டு போனால் போதும். ஆனால் அவளுடைய இடது கையை மாமியார் கமலவேணி பிடித்த பிடி விடவில்லை. இந்தப் பக்கம் இரண்டு பெண்கள், அந்தப் பக்கம் மூன்று பெண்கள். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட யாராவது தோளை அமுக்கி உட்கார வைத்தார்கள்.

போர்வெல் லாரியோடு மத்தியப் பிரதேசம் போயிருந்த அவள் கணவன் வேல்முருகன் நெஞ்சுவலியில் போய்விட்டான். உடல் ஆம்புலன்ஸில் வந்துகொண்டிருந்தது. அது திருச்செங்கோட்டுக்குள் நுழையும்போது தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் நின்றாக வேண்டும். வேலைக்குப் போன இடத்தில் எடுத்த படங்களிலெல்லாம் அவன் முகம் முழுக்கச் சேறு. தெளிவாக இருந்தது கல்யாணப் படம் ஒன்றுதான்.

பேனர் கடைக்காரர் படத்தை வெட்டி ஒட்ட ஆளில்லை என்றதும், "எங்கூட்டுலயே ஆளிருக்குது" என்று சொல்லிவிட்டு வந்தார் வேல்முருகனின் அண்ணன் ஜீவானந்தம். அவர் சொன்னதில் தப்பில்லை. இளம்பிள்ளை ஊர் ஜவுளி வியாபாரிகள் ஒரு சேலையைப் படமெடுத்து அனுப்பினால், அதையே பச்சை, நீலம், வாடாமல்லி என்று ஏழெட்டு நிறத்தில் மாற்றிக் கொடுப்பதுதான் அவள் தொழில்.

கை போயிற்று. அவளும் போனாள். வேல்முருகன் மட்டும் வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டு நின்றான்.

பின்னால் நின்ற ஜீவானந்தம் குனிந்து பார்த்தார். "அம்மணி, சட்டை ஒரு பக்கம் செவந்து கெடக்குதே?"

"எஞ்சேலைங்க மாமா. ஒட்டி நின்னா வெள்ளத்துணியில அந்த நெறம் அடிக்குமுங்க."

ஜீவானந்தம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பாக்கறவிய ரத்தம்னு நெனப்பாங்க. எடுத்துடு சாமி."

அவர் மேல் கோபப்பட முடியவில்லை. ஆனால் இந்தப் படம்தான் நாளைக்குச் சட்டம் போட்டுச் சுவரில் ஏறும். அந்தச் சிவப்பும் போய்விட்டால், அவன் பக்கத்தில் அவள் ஒருநாள் நின்றதற்கு அதில் அடையாளமே இருக்காது.

படத்தில் சிவப்பை மட்டும் கூட்டிக் குறைக்கும் சேனலைத் தேர்ந்தெடுத்துக் கீழே இழுத்தாள். சட்டை வெளுத்தது. கூடவே முகமும் வெளுத்தது. உதடு, காது, கன்னம் எல்லாம் சாம்பல் பூத்துப் போயின. தொழிலுக்கு வந்த முதல் வாரத்தோடு விட்டொழித்த பிழை அது. மனுசத் தோலில் பாதி சிவப்புதான். முகத்தில் மாற்றம் படாதபடி மாஸ்க் போட்டு மறைக்காமல் அதைத் தொடவே கூடாது.

"எம்பையன் மூஞ்சிய என்ன பண்ணுன?" கமலவேணியின் குரல் மெலிந்து வந்தது.

சௌமியா சட்டென்று பழையபடி மாற்றினாள். முகத்தில் மறுபடி ரத்தம் ஓடியது.

இனி செய்ய வேண்டியது அவளுக்குத் தெரியும். முகத்தைச் சுற்றி ஒரு மாஸ்க், அப்புறம் சட்டையில் மட்டும் இழுப்பு. தூக்கத்தில்கூடச் செய்வாள். மவுஸ் தாடையோரம் போய் நின்றது.

"ரெண்டும் ஒரே செவப்புங்க மாமா," என்றாள். "சட்டையில எடுத்தா மூஞ்சியிலயும் போயிருமுங்க."

"வேற வழியே இல்லயா?"

"இல்லீங்க."

ஜீவானந்தம் திரையையே பார்த்தார். தாயைப் பார்த்தார். "அப்ப உடு. இருந்துட்டுப் போவுது."

அவள் படத்தை அனுப்பினாள்.

வெயில் தாழும்போது பேனர் வந்தது. சன்னல் வழியே பார்த்தாள். ஏணியில் நின்றவன், காற்றில் உப்பிய பேனரைச் சட்டை இருந்த இடத்தில் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்துக் கட்டினான்.

உள்ளறையில் யாரோ அவளுடைய பீரோவைத் திறந்து, வெளிர் நிறத்தில் சேலை ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்கள்.