பத்தாம் நாள் பிரித்த முட்டு

ஓட்டல்கார ரெங்கராஜ் கொத்தனார் வீரமலைக்குத் தர வேண்டிய கூலிப் பாக்கி இருபத்தேழாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். ஓட்டல் திறந்து பத்து நாள் கழித்துப் போய்க் கேட்டபோது கையில் காசு இல்லை என்றார். சனிக்கிழமைதோறும் சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு வந்து சாப்பிட்டுக் கழித்துக்கொள்ளச் சொன்னார். கேலி செய்கிறாரா, மனசோடுதான் சொல்கிறாரா என்று வீரமலைக்குப் பிடிபடவில்லை. கல்லாவில் இருந்த நீள நோட்டில் அவர் பேருக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். முதல் சனிக்கிழமை எழுநூற்று அறுபது ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டு, சம்சாரம் அமிர்தமும் அவரும் அரியமங்கலம் திரும்பி வீட்டில் பழைய சோற்றைக் கரைத்துக் குடித்தார்கள்.

அது மெக்சிகன் ஓட்டல். ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் சுத்த சைவமாக அப்படி ஒன்று வைத்தால் கூட்டம் அள்ளும் என்று ரெங்கராஜுக்குச் சிங்கப்பூரில் இருந்த காலத்திலேயே ஒரு எண்ணம். கூட்டம் வரத்தான் செய்தது, ஒரே ஒரு தடவை. டாக்கோ என்று வந்தது நமுத்துப் போயிருந்தது. பரிட்டோ என்பது சப்பாத்திச் சுருள். உள்ளே ஆறிய சோறும் வேகாத பயறும் இருந்தன. மேலே புளித்த வெள்ளையாக ஒன்றை ஊற்றியிருந்தார்கள்.

"அப்பளத்த மடிச்சு நாலு பயறு வச்சா எரநூத்தி நாப்பதா?" என்றாள் அமிர்தம். "உங்க கூலியத்தான் மென்னு முழுங்குறோம். கல்லா இருந்தாலும் முழுங்கித்தான் ஆகணும்."

வீரமலை தட்டைப் பார்க்கவில்லை. அவர் பார்வை மேலேயே இருந்தது.

பழைய மாடி வீடு அது. கீழே இருந்த இரண்டு அறைகளுக்கு நடுச்சுவரை இடித்து ஒரே கூடமாக்கியது வீரமலைதான். சுவர் தாங்கிக்கொண்டிருந்த மாடியைத் தாங்க பதினெட்டடி நீளத்துக்குக் கான்கிரீட் பீம் போட்டார். அதற்குக் கீழே முட்டுக் கொடுத்த கம்புகளை, கான்கிரீட் இறுகும்வரை, இருபத்தொரு நாளாவது பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும். ஆனால் ஆனி கடைசி முகூர்த்தத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாசம் கதவைச் சாத்தி வைத்து வாடகை கட்ட வேண்டும் என்றார் ரெங்கராஜ். முட்டைப் பிரிக்கிற அன்றே பாக்கியைத் தீர்த்துவிடுவதாகவும் சொன்னார். ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க அமிர்தத்தின் தோட்டை அடகு வைத்திருந்த நேரம். வீரமலை கூடாது என்று ஒரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொல்லவில்லை. பத்தாம் நாள் காலையில் தன் கையாலேயே கம்புகளை உருவினார். பீமைத் தொட்டபோது உள்ளே இன்னும் ஈரம் குளிர்ந்தது. முப்பது வருஷ வேலையில் அவர் செய்யாத காரியம் அது.

மூன்றாவது சனிக்கிழமை பீமின் நடுவில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. பூச்சு வெடிப்பாக இருக்கும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டார். அடுத்த வாரம் ரெங்கராஜ் காய்கறி எடுக்க மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் நாற்காலி மேல் ஏறி, கோட்டுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லைச் சிமெண்டு வைத்து ஒட்டினார். கட்டடம் அசைகிறதா என்று பார்க்க வேலைக்காரர்கள் செய்வதுதான். அசைந்தால் கண்ணாடி முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். சாப்பிட வந்த ஒரு பெண் அதை அலங்காரம் என்று நினைத்துப் படம் எடுத்தாள்.

ஆறாவது சனிக்கிழமை சில்லு இரண்டாக முறிந்திருந்தது. நடுவில் நகம் நுழைகிற இடைவெளி. தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தார். கல்லாவுக்குப் போய்ச் சொன்னார். ஒரு இரும்பு முட்டாவது நடுவில் நிறுத்திவிட்டு எஞ்சினியரைக் கூப்பிடலாம் என்றார்.

ரெங்கராஜ் சிரித்தார். "நீங்க போட்ட பீம நீங்களே நிக்காதுன்னு சொன்னா, கொத்தனாரே, நாளைக்கு உங்கள எவன் வேலைக்குக் கூப்புடுவான்?"

மறுவாரம் கண்ணாடியைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தை மறைத்துக் கலர் காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். சாப்பாட்டு வியாபாரம் படுத்துவிட்டதால் மாடியில் பச்சை விரிப்புப் போட்டுப் பிறந்தநாள் விசேஷங்களுக்கு விடுவதாக வாசலில் போர்டு வந்தது. ராத்திரிகளில் வீரமலை பாதித் தூக்கத்தில் எழுந்து தன் வீட்டுத் தகரக் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அமிர்தம் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னார். அவள் "அந்த எடத்துலயா என்னைய வாராவாரம் உக்கார வச்சு திங்க வச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பன்னிரண்டாவது சனிக்கிழமை. கழித்ததுபோக இன்னும் பத்தொன்பதாயிரத்து முந்நூற்றுப் பத்து நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. வாடகைக்கு எடுத்த இரும்புக் குழாய் முட்டு ஒன்றை மொபெட்டில் நீளவாக்கில் கட்டி, பின்னால் அமிர்தம் அதைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள, காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்து சேர்ந்தார்கள். ஓட்டல் வாசலில் பலூன் கட்டியிருந்தது. மாடியில் முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு விசேஷம். கீழே ஒரு மேசையிலும் ஆள் இல்லை.

வீரமலை யாரையும் கேட்கவில்லை. நடு மேசையைத் தள்ளிவிட்டு, பலகைத் துண்டு வைத்து, குழாயை நிறுத்தினார். அதன் கழுத்தில் இருந்த திருகு வளையத்தை இரண்டு விரலால் சுற்ற, தலைத்தகடு மெல்ல ஏறிப் பீமைத் தொட்டது. தொட்டதும் விட்டுவிட்டார். அதற்குமேல் இறுக்கினால் பீமை மேலே தள்ளிவிடும்.

ரெங்கராஜ் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "நடு ஓட்டல்ல கொடிக்கம்பமா நடுறீங்க? எடுங்க அத."

"இருக்கட்டும் சார்."

"இருக்கட்டும். ஆனா அது இங்க நின்னா நோட்டுல உங்களுக்கு ஒரு பைசா நிக்காது. யோசிச்சுக்குங்க."

வீரமலை அமிர்தத்தைப் பார்த்தார். காது ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்க அவள் செருகியிருந்த விளக்குமாற்றுக் குச்சி மழையில் நனைந்திருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. பரிசுப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கணக்க அடிச்சுக்கச் சொல்லுங்க" என்றாள்.

ரெங்கராஜ் தோளைக் குலுக்கிக்கொண்டு கல்லாவுக்குத் திரும்பினார். ஆனாலும் அந்த வாரத்துத் தட்டு வந்தது. வழக்கம்போல ஆறிப் போயிருந்தது. அமிர்தம் அதைத் தொடவில்லை. மாடியில் பாட்டுப் போட்டார்கள். பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள். தோரணம் லேசாக நடுங்கியது. தட்டில் இருந்த அந்தப் புளித்த வெள்ளையின் மேல் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூசு விழுந்தது.

வீரமலை எழுந்துபோய்த் திருகு வளையத்தைப் பிடித்தார். சற்று முன் இரண்டு விரலுக்குச் சுழன்ற வளையம். இப்போது இரண்டு கையாலும் முறுக்கினார். அசையவில்லை. பீம் இறங்கிக் குழாயின் மேல் உட்கார்ந்துவிட்டது.

"அமிர்தம்" என்றார், சத்தம் போடாமல். "பிள்ளைங்கள எறக்கு. பையப் பைய. ஓட விடாத."

அவள் அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தாள். கல்லாவில் ரெங்கராஜ் ஸ்கேலை நோட்டின் மேல் வைத்து, வீரமலையின் பக்கத்துக்குக் குறுக்கே மூலைக்கு மூலை சிவப்பு மையில் நிதானமாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். வீரமலை குழாயை விடவில்லை. மேலே பிள்ளைகள் குதிக்கிற ஒவ்வொரு குதிப்பும் இரும்பு வழியாக இறங்கி அவர் உள்ளங்கைக்கு வந்துகொண்டிருந்தது.