குளிரில் மட்டும் ஒழுகியது

அஃப்லு ஊருக்கு மேற்கே மலையைக் குடைந்து சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே எந்த இயந்திரம் படுத்தாலும் தாயெப்பைத்தான் கூப்பிடுவார்கள். அவன்தான் தலைமை மெக்கானிக். கைராசிக்காரன் என்று பெயர். அந்தப் பெயர் தனக்கு இருப்பது அவனுக்கும் நன்றாகத் தெரியும்.

பெரிய பொக்லைனை ஓட்டியவன் லக்தர். தாயெப்பின் மனைவி கைராவுக்கு உடன்பிறந்த தம்பி. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அவன் ஒரே புகாரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மச்சான், ரேடியேட்டர்ல தண்ணி நிக்க மாட்டேங்குது. தினமும் காலையில ஊத்துறேன், மறுநாள் வந்து பாத்தா குறைஞ்சு கிடக்கு."

தாயெப் ஒரு மதியம் போய்ப் பார்த்தான். ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டிக் காற்றழுத்தம் ஏற்றினான். ஏறிய முள் இறங்காமல் நின்றது. ஹோஸ்களைத் தடவினான். எல்லாம் உலர்ந்திருந்தன. எஞ்சின் அப்போதுதான் வேலை முடிந்து நின்று, சூடு ஆறாமல் இருந்தது. அதை அவன் பொருட்படுத்தவில்லை.

"ஒரு சொட்டு இல்ல மாப்ள. நீ ஒழுங்கா ஊத்துனியான்னு முதல்ல பாரு."

பிறகு கடும் உறைபனி விழுந்த ஒரு நாள் வந்தது. லக்தர் காலையில் வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றினான். மண் அள்ள வேண்டிய லாரிகள் வரத் தாமதமாயிற்று. எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தான். லாரிகள் வந்து வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவன் உடனே நிறுத்தினான். ஆனாலும் சூட்டில் எஞ்சினின் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. புகைக்குழாயில் வெள்ளை ஆவி குபுகுபுவென்று வந்தது.

மதியம் சாப்பாட்டுக் கூடாரத்தில் இன்ஜினியர் வஹீபா எல்லார் முன்னாலும் கேட்டாள். "என்ன ஆச்சு தாயெப்?"

"தண்ணியே இல்லாம ஓட்டியிருக்கான் மேடம். விளக்கு எரிஞ்சதைக்கூடப் பாக்கல."

லக்தர் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். "காலையில ஊத்துனேன் மச்சான். சத்தியமா ஊத்துனேன். உங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னேனே?"

"ஊத்துன தண்ணி எங்கடா போச்சு? ராத்திரி ஆடு வந்து மூடியைத் திறந்து குடிச்சுட்டுப் போகுதா?"

கூடாரமே சிரித்தது. தாயெப்புக்கு அந்தச் சிரிப்பு இனித்தது. அன்று முதல் லக்தருக்கு ஆட்டுக்காரன் என்று பெயர் விழுந்தது. பொக்லைனை இன்னொரு ஓட்டுநரான ஜெல்லூலிடம் கொடுத்துவிட்டு, லக்தரை வளைவில் கொடி பிடிக்க நிறுத்தினாள் வஹீபா. பகல் முழுக்கக் காற்றில் நின்று லாரிகளுக்குக் கொடியசைத்தான். வண்டி ஓட்டும் பையன்கள் அவனைக் கடக்கும்போதெல்லாம் ஆடு மாதிரிக் கத்திவிட்டுப் போனார்கள்.

வீட்டில் கைரா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என் தம்பி பொய் சொல்றவனா?"

"எஞ்சின் சொல்லுது" என்றான் தாயெப்.

அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

எஞ்சினைப் பிரித்துப் பூட்டி ஓடவிட்டாயிற்று. அடியில் காப்புத் தகட்டை மட்டும் இன்னும் மாட்டவில்லை. ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஜெல்லூல் வந்து தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, தண்ணி குறையுதுண்ணே."

தாயெப் மறுநாள் யாரும் வருமுன் தளத்துக்குப் போனான். விடிந்தும் விடியாத நேரம். தரையெல்லாம் உறைபனி வெண்மையாகப் பூத்திருந்தது. பொக்லைனுக்கு அடியில், அந்த வெண்மையில், பச்சையாக ஒரு கறை. உறையாமலிருக்க ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் மருந்தின் நிறம் அது.

குனிந்து பார்த்தான். தண்ணீர் பம்ப்புக்குப் போகும் கீழ் ஹோஸின் நுனியில் ஒரு துளி திரண்டு, விழுந்து, மறுபடி திரண்டது. கைப்பம்பை மாட்டினான். முள் ஏறிய வேகத்திலேயே இறங்கியது. எஞ்சினைக் கிளப்பிச் சூடேறவிட்டான். துளி நின்றது. ஹோஸ் உப்பி இறுகிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ஈரமும் காய்ந்து, ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைச் சுற்றி வெளிறிய உப்பு மட்டும் மிஞ்சியது.

அந்தக் கிளாம்பை அவனுக்குத் தெரியும். கோடையில் ஸ்பிரிங் கிளாம்ப் உடைந்தபோது, கைக்குக் கிடைத்த சாதாக் கிளாம்பைப் போட்டு முடுக்கியவன் அவன்தான். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். ரப்பர் குளிரில் சுருங்கும்போது ஸ்பிரிங் கூடவே இறுகிப் பிடிக்கும். சாதாக் கிளாம்ப் பிடிக்காது. இத்தனை நாள் ஒழுகியதெல்லாம் காப்புத் தகட்டில் தேங்கி மண்ணுக்குள் போயிருக்கிறது. எஞ்சினைப் பூட்டும்போதும் அதே கிளாம்பைத்தான் திரும்பப் போட்டிருந்தான்.

சுற்றிலும் பார்த்தான். யாரும் இல்லை. திருப்புளியை எடுத்துக் கிளாம்பை முடுக்கினான். துணியால் உப்பைத் துடைத்தான். தரையிலிருந்த பச்சைக் கறையைக் காலால் மண்ணைத் தள்ளி மூடினான். மூடும்போதே காது இரண்டும் எரிந்தன. அந்தக் குளிரிலும் கழுத்து வியர்த்தது.

"என்னண்ணே, இவ்வளவு காலையில?" ஜெல்லூல் வந்து நின்றான்.

"சும்மா பாத்தேன். மூடி சரியா மாட்டல. இனிமே குறையாது."

அந்தப் பொய்யை வாயில் வைத்துக்கொண்டே மதியம் வரை வேலை பார்த்தான். கூடாரத்தில் சூப் பரிமாறினார்கள். லக்தர் கையை ஊதிக்கொண்டே உள்ளே வந்தான். காதுமடல்கள் குளிரில் சிவந்திருந்தன.

"டேய் ஆட்டுக்காரா, உன் ஆடு தண்ணி குடிச்சுதா?" என்றான் ஒரு லாரிக்காரன்.

லக்தர் சிரித்தான். "குடிச்சுது அண்ணே, உங்க வண்டியில டீசலையும் குடிச்சுப் பாக்கணுமாம்" என்று தன்னையே கேலி செய்துகொண்டான். அவன் கோபப்பட்டிருந்தால் தாயெப் பொறுத்திருப்பான். அந்தச் சிரிப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

எழுந்து நின்று என்னவோ முனகினான்.

"என்ன தாயெப்? கேக்கல" என்றாள் வஹீபா.

இரண்டாம் முறை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டியிருந்தது. "தப்பு என்னோடது. கீழ் ஹோஸுக்கு நான் போட்ட கிளாம்ப் சரியில்ல. குளிர்ந்தா ஒழுகுது, சூடானா நின்னுடுது. நான் சூடுல பாத்துட்டு இவனைப் பொய்யன்னு சொல்லிட்டேன்."

லக்தர் மெதுவாகக் கேட்டான். "எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"இன்னைக்குக் காலையில."

"காலையில. இப்ப மதியம். நடுவுல என்ன யோசிச்சீங்க மச்சான்?"

தாயெப்புக்கு மண்ணைத் தள்ளி மறைத்ததைச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் லக்தர் அவன் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டான் போலிருந்தது. சூப்பைத் தொடாமல் வெளியே போனான்.

வஹீபா தாயெப்பைத் திட்டவில்லை. "எல்லா வண்டியிலயும் கிளாம்பை மாத்துங்க. காலையில எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது பாத்துட்டு அப்புறம் கிளப்புங்க. லக்தர் நாளையிலிருந்து பொக்லைன்ல ஏறட்டும்" என்றாள். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றே தாயெப் ஆள் அனுப்பி ஸ்பிரிங் கிளாம்புகள் வரவழைத்தான். அடுத்தடுத்த விடியல்களில் ஒவ்வொரு இயந்திரத்தின் அடியிலும் விளக்கோடு படுத்தான். இன்னொரு லோடரிலும் அதே தப்பு இருந்தது. அதுவும் அவன் கைவேலைதான். யாரும் கேட்காமலே அதைப் போய்ச் சொன்னான். சொல்லும்போது குரல் அப்போதும் உள்ளேதான் போயிற்று.

லக்தர் பொக்லைனில் ஏறினான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னான். வெள்ளிக்கிழமை அக்காவுக்காக வீட்டுக்கு வந்து குழந்தைகளோடு விளையாடினான். குஸ்குஸ் தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தபோது, கைரா இறைச்சியைத் தம்பி பக்கம் தள்ளி வைத்தாள்.

"அன்னைக்கு அந்தக் கறையை..." என்று தொடங்கினான் தாயெப்.

"மச்சான்" என்று தடுத்தான் லக்தர். "சாப்பிடுங்க. ஆறிடும்."

தாயெப் தலை நிமிராமல் சாப்பிட்டான்.