மிஹோவுக்கு என்ன நடந்தது

பிரான்சிஸ்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மன்னாரில் கீரி என்ற ஊரில் நண்டுக் கம்பனி ஒன்றில் வேலை. கால் முறிந்து மூன்று மாதம் வீட்டில் கிடந்தபோதுதான் யப்பான் கார்ட்டூன் பைத்தியம் பிடித்தது. மகள் டினோஜா போனில் ஒரு தொடரைப் போட்டு, கீழே ஓடும் ஆங்கில எழுத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, தாய் பார்த்தார். கடல் ஏறி அரைவாசி மூழ்கிய ஊர்களுக்குப் படகில் கடிதம் கொண்டுபோகும் மிஹோ என்ற பெண்ணின் கதை. இருபத்து நாலாம் பகுதியில் மிஹோ கடலை மூடிய பனிப்புகாருக்குள் போனாள். படகு மட்டும் திரும்பி வந்தது. தொடரும் முடிந்தது. பிரான்சிஸ்கா இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

மூன்று வருடம் கழித்து மிச்சக் கதை படமாக வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரேயொரு காட்சி, சனிக்கிழமை பகல். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை பார்த்து டினோஜாவுக்குத் தொண்டை கட்டி, குரல் அடியோடு போய்விட்டது. சொல்ல ஆளில்லாமல் விளங்காது, போகவேண்டாம் என்று கடதாசியில் எழுதிக் காட்டினாள்.

"விளங்காட்டிப் பரவாயில்லை. அவள் இருக்கிறாளோ இல்லையோ எண்டு தெரிஞ்சால் காணும்" என்று சொல்லிவிட்டுப் பிரான்சிஸ்கா சேலை மாற்றப் போனார்.

திரையரங்கில் தாய்க்கு ஒரு பக்கம் டினோஜா, மறுபக்கம் ஸீனத் என்ற ஆசிரியை. தங்கை இழுத்து வந்ததால் வந்தவர். தொடரைப் பார்த்ததே இல்லை. விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருக்க, இது என்ன கதை என்று மெல்லக் கேட்டார். பிரான்சிஸ்கா முதலாம் பகுதியிலிருந்து தொடங்கினார். முன்வரிசைக்காரரும் திரும்பிக் கேட்டார்கள். மிஹோ செத்துப்போனாள்தானே என்றார் அவர்களில் ஒருவர்.

"இல்லை. திரும்பி வந்த படகில கயிறு அறுந்திருக்கேல்ல, அவிட்டிருந்தது. காத்து அவிட்டு விடுமே?"

டினோஜா தாயைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் காட்சியைப் பத்துத் தரம் பார்த்தவள் அவள். கயிற்றைக் கவனித்ததே இல்லை. படகுக்காரனைக் கலியாணம் கட்டிய தாயின் கண்ணுக்குத்தான் அது பட்டிருக்கிறது.

படம் தொடங்கியது. ஸீனத் எழுத்தை வாசித்துக் காதுக்குள் தமிழில் சொன்னார். யார் யாருக்கு என்ன உறவு என்பதைப் பிரான்சிஸ்கா சொன்னார். அரை மணித்தியாலத்தில் புகார் விலகி, ஒரு சின்னத் தீவில் மிஹோ நின்றாள். அங்கிருந்தவர்களின் கடிதங்களைப் படகில் ஏற்றி, தானே கயிற்றை அவிழ்த்து விட்டவள். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பிரான்சிஸ்காவைப் பார்த்துக் கைதட்டியது. அவர் வெட்கத்தில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், சிரித்தார்.

வெளியே வந்ததும் ஸீனத் போன் நம்பர் கேட்டார். தொடரை முதலிலிருந்து பார்க்கவேண்டும், ஆனால் தனியாக அல்ல என்றார்.

"அப்ப லீவுக்கு மன்னாருக்கு வாங்கோ. நண்டு நான் சமைக்கிறன்."

சும்மா உபசாரத்துக்குச் சொன்னதென்றுதான் டினோஜா நினைத்தாள். ஆனால் ஓகஸ்ட் விடுமுறையில் ஸீனத் தங்கையோடு வந்து இறங்கினார். மூன்று நாளில் இருபத்து நாலு பகுதியும் பார்த்து முடித்தார்கள். சண்டைக் காட்சி வரும்போதெல்லாம் தேத்தண்ணி கேட்டார்கள். டினோஜாதான் போட்டுப் போட்டுக் களைத்துப்போனாள்.